கிற்றாரும் பாட்டுப் புத்தகமும்



கிற்றாரைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும், "அது நம்முடையதன்று" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வோர் நம்மிடையே இன்றும் உளர். அவ்வாறு சொல்பவர் பெரும்பாலும் ஒரு கதிரையில் அமர்ந்து, மேசைமீது கையை ஊன்றி, யன்னலுக்கு வெளியே நோக்கியவாறு சொல்லுவார். கதிரை, மேசை, யன்னல் என்ற மூன்று சொற்களும் போர்த்துக்கேயர் நமக்கு விட்டுச் சென்றவை. கோபித்துக்கொண்டு அவர் எழுந்து, அலுமாரியைத் திறந்து, சப்பாத்தை மாட்டிக்கொண்டு வெளியே புறப்பட்டாலும் போர்த்துக்கேயர் அவரை விடுவதாயில்லை. அவ்விரு சொற்களும் அவர்களுடையனவே. வயலினை எடுத்துக்கொள்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுசுவாமி தீட்சிதர் காலத்திலேயே அது கருநாடக இசைக்குள் வந்து சேர்ந்தது. இன்று வயலின் இல்லாத கச்சேரியை நாம் நினைத்துப் பார்ப்பதுமில்லை. வந்த பொருள் எப்பொழுது நம் பொருளாகின்றது என்பதற்கு நாள் குறித்துச் சொல்ல இயலாது. ஆனால் அது வந்த வழியைச் சொல்ல இயலும்.

இன்றைய பேச்சு கிற்றார் வாசிக்கும் முறையைப் பற்றியதன்று. அந்தக் கருவியும், அதன் தந்தியும், அதனோடு சேர்ந்த பாட்டுப் புத்தகங்களும் கொழும்பு நகரில் எவ்வாறு விலைக்கு வந்தன, அவற்றை வாங்கியோர் யாவர், வாங்கியவை பின்னர் என்னவாயின என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள். வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் இந்தக் கதையில் முக்கிய இடம் பெறுகின்றன.

போர்த்துக்கேயர் 1505ஆம் ஆண்டில் இலங்கைக் கரையை அடைந்தனர். 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் ஒல்லாந்தரிடம் இழந்தனர். ஆட்சி போயிற்று, ஆட்டம் போகவில்லை. அவர்களோடும் அவர்கள் கொண்டுவந்த ஆபிரிக்கரோடும் வந்த கப்பிரிஞ்ஞா என்னும் துள்ளல் இசை, மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் வாழ்ந்த போர்த்துக்கேயப் பறங்கியர் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக நிலைத்தது. பைலா என்னும் சொல்லும் ஆடுதல் என்ற பொருளுடைய போர்த்துக்கேயச் சொல்லின் வழிவந்ததே. தந்திக் கருவியை மீட்டி, அதன் தாளத்தோடு குரலை இசைத்து, அவையில் இருப்போரையும் கூடப் பாடச் செய்யும் வழக்கம் இந்நாட்டிற்கு றொக் இசையோடு வந்ததன்று என்பதை முதலில் மனங்கொள்ளல் வேண்டும்.

இவ்விடத்தில் ஒரு கையெழுத்துப் படியைக் குறிப்பிடுதல் தகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கைச் சிவில் சேவையில் உத்தியோகம் பார்த்தவர் ஹியூ நெவில் என்னும் ஆங்கிலேயர். ஏட்டுச் சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தவர் அவர். அவருடைய சேகரிப்பில் மட்டக்களப்புப் போர்த்துக்கேயப் பறங்கியரின் பாடல்கள் அடங்கிய கையெழுத்துப் படி ஒன்று உண்டு. அஃது இன்று இலண்டனிலுள்ள பிரித்தானிய நூலகத்தில் இருக்கின்றது. அந்தப் பாட்டுக்களை அன்று பாடியவர்களுக்கு அவை சேர்த்து வைக்கத்தக்க பொருளாகத் தோன்றியிருக்குமோ என்பது ஐயமே. கலியாண வீட்டில் பாடினார்கள். பொழுது விடிந்ததும் வேலைக்குப் போனார்கள். யாரோ ஒருவர் எழுதிவைத்தமையால், நூறாண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தின் பின்னும் ஆராய்ச்சியாளர் அதைப் படித்து, அந்த மக்கள் எந்த மொழியில் எதைப் பாடினர் என்று சொல்ல முடிகின்றது. பாட்டுப் புத்தகம் என்பதன் மதிப்பு இதுதான்.

ஆங்கிலேயர் காலத்தில் மேனாட்டு இசைப் பொருள்கள் கொழும்புக் கோட்டையின் பெரிய வணிக நிலையங்களில் விற்பனையாயின. 1876ஆம் ஆண்டளவில் தொடங்கிய எச். டபிள்யூ. கேவ் கொம்பனி புத்தகம், எழுதுபொருள் ஆகியவற்றோடு இசைக் கருவிகளையும் விற்றது. அங்கே பியானோவே அரசி. அதை வாங்குவோர் தோட்டத் துரைமாரும், உயர்ந்த உத்தியோகத்தரும், அவர்களைப் பின்பற்ற விரும்பிய உள்ளூர்ச் செல்வருமாவர். கிற்றாரோ ஒரு கையால் தூக்கிச் செல்லக்கூடியது. மாடிப்படி ஏற்றுவதற்கு நான்கு ஆட்கள் வேண்டியதில்லை. சிறு வீட்டிலும் சுவரில் ஆணியடித்து மாட்டலாம். ஆகவே அது பியானோ நுழையாத வீடுகளில் நுழைந்தது.

அத்தகைய வீடுகள் கொட்டாஞ்சேனையில் நிறைய இருந்தன. துறைமுகத்தை அடுத்த பகுதி அது. புனித லூசியா பேராலயத்தைச் சுற்றித் தமிழ்க் கத்தோலிக்கரும், சிங்களக் கத்தோலிக்கரும், பறங்கியரும் நெருங்கி வாழ்ந்தனர். ஆலயத் திருநாள், கலியாணம், நத்தார் என்று பாட்டுக்கு ஆண்டு முழுவதும் காரணம் இருந்தது. சிங்களப் பைலாவை மேடைக்குரிய இசையாக வளர்த்த வொலி பஸ்தியன்ஸ் பொலிஸ் சேவையைச் சேர்ந்தவர் என்பது பலருக்கு வியப்பூட்டும். சட்டத்தைக் காத்த கையே தந்தியையும் மீட்டியது. கொழும்பிற் பைலாவும் கிற்றாரும் இணைபிரியாதவை ஆனதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு.

வெள்ளவத்தை வேறு வகையான ஊர். காலி வீதி ஊரை நடுவே பிளந்து செல்ல, அதிலிருந்து சிறு ஒழுங்கைகள் கடலை நோக்கி இறங்கும். ஒருபுறம் நெசவாலைத் தொழிலாளர். மறுபுறம் வடபகுதியிலிருந்து அரசாங்க உத்தியோகத்துக்காக வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள். 1942ஆம் ஆண்டில் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் வெள்ளவத்தையிலேயே நிலைகொண்டது. சவோய், பிளாசா, றொக்சி என்னும் படமாளிகைகளும் இப்பகுதியில் அமைந்தன. வீணையும் வயலினும் பயிலும் பெண்பிள்ளைகள் ஒழுங்கைதோறும் இருந்தனர். அதே ஒழுங்கையில், தந்தையார் கந்தோரிலிருந்து திரும்புமுன் கிற்றாரைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைக்கும் ஆண்பிள்ளையும் இருந்தான் என்று சொன்னால், அந்தத் தலைமுறையினர் மறுக்கமாட்டார்கள்.

அந்தப் பிள்ளைக்குக் கிற்றாரை அறிமுகஞ் செய்தது கடையன்று, வானொலி. கொழும்பு வானொலி 1925ஆம் ஆண்டு டிசெம்பர் 16ஆந் தேதி தொடங்கியது. அதன் வர்த்தக சேவை 1950இல் ஆரம்பமாயிற்று. எஸ். பி. மயில்வாகனம் அவர்களின் குரலைக் கேட்பதற்காகத் தமிழகத்திலும் மக்கள் வானொலிப் பெட்டியைத் திருகியது இக்காலத்திலேதான். ஆங்கில சேவையில் எல்விஸ் பிரெஸ்லியும், இந்தியாவின் இலக்னோ நகரிற் பிறந்த கிளிவ் றிச்சர்டும், அவரோடு வாசித்த ஷடோஸ் குழுவினரும், பின்னர் பீட்டில்ஸ் நால்வரும் ஒலித்தனர். 1960ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் கிளாரன்ஸ் விஜேவர்த்தனவும் அனஸ்லி மாலேவனவும் மூன்ஸ்டோன்ஸ் என்னும் குழுவை அமைத்து, மின்கிற்றாரோடு சிங்களத்திற் புதிய பாட்டுக்களைப் பாடினர். ஆங்கில சேவை அறிவிப்பாளர் வேர்ணன் கொரெயா அவர்களை வானொலி வழியே முன்னிறுத்தினார். சிங்களத்தில் முடியுமெனின் தமிழில் ஏன் முடியாது என்ற கேள்வி எழுந்தது இயல்பே.

விடை விரைவில் வந்தது. உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம், 'சின்ன மாமியே', 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' என்னும் பாட்டுக்களால் நாடெங்கும் அறியப்பட்டார். திருகோணமலையிலிருந்து பரமேஸ், கோணேஸ் ஆகியோர் இசைத்தட்டு வெளியிட்டனர். ஏ. ஈ. மனோகரன் சிங்களச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் கலந்த 'சுராங்கனி'யைப் பாடி, பொப்பிசைச் சக்கரவர்த்தி என்று பெயர் பெற்றார். பின்னர் தமிழகஞ் சென்று சிலோன் மனோகர் என்ற பெயரில் திரைப்படங்களில் நடித்து, 2018 சனவரியிற் சென்னையிற் காலமானார். அந்தப் பாட்டு 1977இல் வெளிவந்த 'அவர் எனக்கே சொந்தம்' என்னும் படத்தில் இளையராசாவின் இசையமைப்பில் இடம்பெற்றது. இலங்கையிலிருந்து இந்தியாவுக்குப் பாட்டு ஏற்றுமதியான அரிய நிகழ்ச்சி அது.

இப்பாடல்களிற் கவிதை எங்கே என்று வினவிய புலவர்கள் பலர். சொல்வளம் குறைவுதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் கள்ளுக்கடைக்குப் போகாதே என்று அறிவுரை கூறுவது நம் நீதிநூல்கள் நெடுங்காலமாகச் செய்துவரும் பணியே. நீதிநூலைப் படித்துக் குடியை விட்டவர் எத்தனை பேர், பைலாத் தாளத்தில் அதைக் கேட்டு விட்டவர் எத்தனை பேர் என்று கணக்கெடுத்தால் இரண்டும் ஏறக்குறையச் சமமாகவே இருக்கும் என்பது என் எண்ணம். கள்ளுக்கடைக்கு நாம் வழங்கும் தவறணை என்ற பெயரும் போர்த்துக்கேயச் சொல்லே என்பதை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை.

இனிப் பாட்டுப் புத்தகத்துக்கு வருவோம்.

தமிழில் மலிவு விலைப் பாட்டுப் புத்தகத்துக்கு நெடிய வரலாறு உண்டு. சென்னையில் குசிலிக்கடைப் பகுதியில் அச்சாகிய சிறு பிரசுரங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே சந்தையிலும் திருவிழாவிலும் விற்பனையாயின. கொலைச் சிந்து, புகைவண்டிச் சிந்து, வெள்ளச் சிந்து என்று நாட்டில் எது நடந்தாலும் அது பாட்டாகிச் சில காசுகளுக்கு விலைப்பட்டது. 1931இல் 'காளிதாஸ்' படத்தோடு தமிழ்ப் பேசும்படம் தோன்றியபோது, அந்த மரபு படமாளிகை வாயிலுக்கு இடம் மாறியது. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பாட்டுப் புத்தகம். மெல்லிய தாள், நடுவே இரண்டு கம்பித் தையல், முன்பக்கத்திற் கதாநாயகன் கதாநாயகி படம், உள்ளே நடிகர் பெயர்ப் பட்டியல், பிறகு கதைச் சுருக்கம். அச்சுருக்கம் கதையின் முக்கியமான திருப்பத்தில் வந்து நின்று, எஞ்சியதைத் திரையிற் சென்று பார்க்கும்படி நம்மைப் பணிக்கும். அதன் பின்னரே பாட்டுக்கள். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இத்தகைய புத்தகங்களை வாங்கிச் சேர்த்து, ஆண்டுவாரியாகக் கட்டித் தைத்து வைத்த வீடுகள் பலவிருந்தன.

வானொலி வந்தபின் பாட்டுப் புத்தகத்தின் பயன் இரட்டித்தது. படத்தை ஒருமுறை பார்ப்போம். பாட்டையோ வானொலியில் நூறுமுறை கேட்போம். புத்தகம் கையில் இருந்தால் கூடப் பாடலாம். புத்தகம் கிடைக்காத ஆங்கிலப் பாட்டுக்கும் பொப் பாட்டுக்கும் வேறு வழி தேடினர். மூன்று நண்பர் வானொலிப் பெட்டியைச் சுற்றி அமர்வர். முதலடியை ஒருவர் எழுதுவார்; இரண்டாம் அடியை மற்றவர்; விட்ட சொல்லைப் பிடிப்பது மூன்றாமவர் பொறுப்பு. பிடிபடாத சொல்லுக்கு அடுத்த முறை ஒலிபரப்பும்வரை காத்திருக்க வேண்டும். அந்த வாரம் நேயர் விருப்பத்துக்குத் தபாலட்டை எழுதியவர்களிற் பாதிப்பேர் பாட்டின் இனிமைக்காக அன்றி, விடுபட்ட ஒரு சொல்லுக்காகவே எழுதியிருப்பார்கள்.

தமிழ்ப் பாட்டுப் புத்தகத்துக்கும் ஆங்கிலப் பாட்டுப் புத்தகத்துக்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. நம் புத்தகத்திற் சொல் மட்டுமே இருக்கும். இராகம் இராது, சுரமும் இராது. ஆங்கிலப் புத்தகத்திலோ சொல்லுக்கு மேலே ஐந்து கோட்டுச் சுரக்குறிப்பும், அதற்கும் மேலே கோட் எனப்படும் சுரக்கூட்டின் எழுத்தும், கிற்றாரின் கழுத்தில் விரல் வைக்கும் இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டும் சிறு கட்டமும் இருக்கும். பேட் வீடன் என்னும் ஆங்கிலேயக் கலைஞர் 1957இல் ஒரே நாளில் வாசிக்கலாம் என்ற தலைப்பிற் கற்றல் நூலொன்றை வெளியிட்டார். பல இலட்சம் படிகள் விற்ற அந்த நூலைக் கொண்டு பழகியோரில் பீட்டில்ஸ் குழுவின் ஜோன் லெனன், போல் மக்காட்னி, ஜோர்ஜ் ஹரிசன் ஆகியோரும் அடங்குவர். ஒரே நாளில் எவரும் கற்றுவிடவில்லை. ஆயினும் ஒரே நாளில் தொடங்கிவிடலாம் என்ற துணிவை அது தந்தது. சி, எஃப், ஜி என்னும் மூன்று சுரக்கூட்டுக்களை அறிந்தவர் அக்காலத்துப் பாட்டுக்களிற் பெரும்பான்மையை எப்படியோ ஒப்பேற்றிவிடலாம்.

இவ்விரு புத்தகங்களும் ஒரே மேசைமீது சந்தித்தபோதுதான் நமக்கு வேண்டிய வரலாற்றுச் சான்று பிறந்தது. தமிழ்ப் படப் பாட்டைக் கிற்றாரில் வாசிக்க விரும்பிய இளைஞனுக்குச் சுரக்கூட்டை எழுதித் தருவார் யாருமிலர். அவனே காதாற் கேட்டுக் கண்டுபிடித்து, பாட்டுப் புத்தகத்தில் வரிக்கு மேலே பென்சிலாற் குறித்தான். ஒரே பக்கத்தில் மேலே ஆங்கில எழுத்து. ஓரத்தில் "இரண்டு கட்டை" என்ற நம்மூர் ஆர்மோனியக் கணக்கு. கீழே தங்கைக்குக் குரல் எட்டாதென்று "நான்கு கட்டை" என மாற்றிய திருத்தம். ஒரு சுரக்கூட்டை எழுதி, அடித்து, வேறொன்றை எழுதியிருப்பின், இராகத்துக்கும் மேனாட்டுக் கூட்டிசைக்கும் இடையே அந்தப் பையன் பட்ட பாடு தெரியும். தமிழ் மெல்லிசை வரலாற்றை எழுத முற்படும் ஒருவருக்கு, விலையுயர்ந்த கிற்றார் பத்தைக் காட்டிலும் அத்தகைய புத்தகம் ஒன்று மேலானதென்று நான் துணிந்து சொல்வேன்.

கருவியும் துணைப் பொருள்களும் எவ்வாறு கிடைத்தன? இங்கே கடலையும் அரசாங்கத்தையும் பற்றிப் பேச வேண்டியிருக்கின்றது.

கிற்றாருக்கு ஆறு தந்திகள். முற்காலத்தில் விலங்கின் குடலிலிருந்து செய்த நரம்பு. 1940ஆம் ஆண்டுகளிலிருந்து நைலோன். நாட்டுப் பாட்டுக்கும் மின்கிற்றாருக்கும் உருக்கு. வெள்ளவத்தையிற் கடற்காற்று காலி வீதிவரை உப்பைக் கொண்டுவரும். உருக்குத் தந்தி அந்தக் காற்றில் விரைவிலே துருப்பிடித்து ஒலி மங்கும். ஒவ்வொரு முறை வாசித்தபின்பும் துணியால் துடைத்து வைப்பார்கள். தடித்த தந்திகளைக் கழற்றி வெந்நீரில் வேகவைத்து, அழுக்குப் போக்கி மறுபடி பூட்டுவதும் உண்டு. இஃது உலகெங்கும் ஏழை வாசிப்பாளர் அறிந்த தந்திரமே. வேகவைத்த தந்தி சிலநாள் புதிதுபோல் ஒலிக்கும், பிறகு அறுந்துவிடும்.

அறுந்தால் புதியது வாங்குவது எளிதன்று. 1960ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி ஏற்பட்டு, அத்தியாவசியமல்லாத பொருள்களின் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1970 முதல் 1977 வரை இந்த இறுக்கம் உச்சத்தை அடைந்தது. அரிசிக்கும் சீனிக்கும் வரிசையில் நின்ற காலத்தில் கிற்றார்த் தந்திக்காக வாதாடுவார் யார்? கப்பலில் வேலை பார்க்கும் உறவினரும், இலண்டனிலிருந்து விடுமுறைக்கு வருவோருமே பலருக்குத் தந்திக் கடையாயினர். இதில் நாம் மட்டும் தனித்துத் துன்புற்றோம் என்று எண்ண வேண்டா. 1951 முதல் 1959 வரை பிரித்தானியாவே அமெரிக்க இசைக் கருவிகளின் இறக்குமதியைத் தடுத்திருந்தது. ஷடோஸ் குழுவின் ஹாங்க் மாவின் கையிலிருந்த சிவப்பு நிறப் பெண்டர் கிற்றார் 1959இல் அமெரிக்காவிலிருந்து தருவிக்கப்பட்டபோது, அந்நாட்டு இளைஞர் அதைக் கண்டு வாய்பிளந்து நின்றதற்குக் காரணம் அதுவே.

மின்கிற்றார் வாய்த்தாலும் ஒலிபெருக்கி வேண்டுமல்லவா? மின்கிற்றாரின் தந்திக்குக் கீழே காந்தமும், அதைச் சுற்றி நுண்ணிய செப்புக் கம்பிச் சுருளும் இருக்கின்றன. உருக்குத் தந்தி அதிரும்போது சுருளிற் சிறிதளவு மின்சாரம் உண்டாகும். அதைப் பெருக்கினால் ஒலி. வால்வு வானொலிப் பெட்டிகள் பலவற்றின் பின்புறத்தில் இசைத்தட்டுக் கருவியைப் பூட்டுவதற்கான துளை உண்டு. கிற்றாரை அதிற் பூட்டினால் வானொலிப் பெட்டியே ஒலிபெருக்கியாகிவிடும். அளவுக்கு மீறிய ஒலியால் பெட்டி கரகரக்கும். அந்தக் கரகரப்பையே றொக் இசையின் சுவையெனப் பின்னர் உலகம் கொண்டாடியது. வீட்டாருக்கோ செய்தி கேட்க முடியவில்லையே என்ற கவலை.

இன்னொன்றையும் சொல்லல் வேண்டும். விலையுயர்ந்த மேனாட்டுக் கிற்றாரின் கழுத்தில் விரல் பதியும் பலகைக்குப் பழைய கைவினைஞர் பெரிதும் விரும்பிய மரம் இலங்கைக் கருங்காலி. பின்பக்கத்துக்கும் பக்கவாட்டுக்கும் பிரேசில் நாட்டு மரம் கிடைப்பது அரிதானபோது, அமெரிக்காவின் புகழ்பெற்ற மாட்டின் கொம்பனி 1969ஆம் ஆண்டளவில் தென்னிந்திய ஈட்டி மரத்துக்கு மாறியது. அந்த இன மரங்களுக்கு 2017இல் சர்வதேச வணிகக் கட்டுப்பாடு வந்தது. செய்து முடித்த இசைக் கருவிகளுக்கு 2019இல் விலக்கு அளிக்கப்பட்டது. மீட்டுவதற்குப் பயன்படுத்தும் பிளெக்றம் என்னும் சில்லை முன்னர் அழுங்காமை ஓட்டிற் செய்தனர். அந்த வணிகம் 1970ஆம் ஆண்டுகளில் தடைப்பட்டது. நம்முடையதன்று என்று நாம் ஒதுக்கிய கருவியில் நம் காட்டு மரம் இருந்திருக்கின்றது. பிறர் அதைச் செதுக்கி, மெருகிட்டு, நமக்கே பன்மடங்கு விலைக்கு விற்றனர். தேயிலைக்கும் இறப்பருக்கும் நேர்ந்த கதைதான் இது.

1977ஆம் ஆண்டின் பின் இறக்குமதிக் கதவு திறந்தது. யப்பானியக் கசெற்றுக் கருவிகளும் கிற்றார்களும் கொழும்புக் கடைகளில் நிறைந்தன. வாங்குவோர் கையிலும் ஓரளவு பணம் புழங்கியது. இனித் தமிழ்ப் பொப்பிசைக்கு நல்ல காலம் என்று பலர் எண்ணியிருக்கக்கூடும்.

1983 யூலையில் வெள்ளவத்தை எரிந்தது. தமிழருடைய கடைகளும் வீடுகளும் காலி வீதி நெடுகிலும் தீக்கிரையாயின. உயிரிழந்தோரையும், அகதி முகாம்களுக்குச் சென்றோரையும், கப்பலேறி வடக்கே போனோரையும் எண்ணும்போது, எரிந்த பொருள்களைப் பற்றிப் பேசுவது அற்பமாகத் தோன்றலாம். ஆயினும் வரலாறு எழுதுவோர் அதையும் பேசியாக வேண்டும். ஒரு வீடு எரியும்போது நகையும் உறுதிப் பத்திரமும் எரிந்தன என்று முறைப்பாட்டில் எழுதுவர். அலுமாரிக்கு மேலிருந்த இசைத்தட்டுக்களும், கட்டித் தைத்த பாட்டுப் புத்தகங்களும், பென்சிற் குறிப்புக்களும் எரிந்தன என்று எவரும் எழுதுவதில்லை. எஞ்சியவற்றையும் புலம்பெயர்ந்தோர் எடுத்துச் செல்லவில்லை. ஒரு பெட்டியோடு புறப்பட்டவர் எதை எடுப்பார்? 1960களிலும் 1970களிலும் கொழும்புத் தமிழிளைஞர் என்ன வாசித்தனர், எவ்வாறு வாசித்தனர் என்பதற்குச் சான்று இவ்வளவு அரிதாயிருப்பதன் காரணங்களுள் இஃது ஒன்று.

இதே காலத்தில் மேனாட்டிலே நிலைமை நேர்மாறாயிற்று. இலண்டனில் 1971இல் தொடங்கிய ஹாட் றொக் என்னும் உணவகத்தில், எரிக் கிளப்டன் தாம் வழக்கமாக அமரும் இடத்துக்கு மேலே தம் கிற்றாரைத் தொங்கவிடக் கொடுத்தார். அது 1979இல் நடந்தது. அதைக் கண்ட பீற் டவுன்சென்ட், தமது கிற்றார் அதற்குக் குறைந்ததன்று என்ற பொருள்படக் குறிப்பெழுதித் தமதையும் அனுப்பினார். விளையாட்டாகத் தொடங்கியது வணிகமாயிற்று. 1981 டிசெம்பரில் இலண்டனிற் சொதபீஸ் நிறுவனம் றொக் இசை நினைவுப் பொருள்களை ஏலத்துக்கு விட்டது. அதன்பின் விலை ஏறிய வேகம் தலையைச் சுற்ற வைப்பது. 2019இல் டேவிட் கில்மோரின் கறுப்புக் கிற்றார் 39 இலட்சத்து 75 ஆயிரம் அமெரிக்க டொலருக்கும், 2020இல் கேர்ட் கொபேனின் மாட்டின் கிற்றார் 60 இலட்சத்து 10 ஆயிரம் டொலருக்கும் விலைபோயின.

இவற்றுள் ஜோன் லெனனின் கிப்சன் கிற்றாரின் கதை நமக்குப் பயன்படும். 1962 செப்டெம்பரில் லிவர்பூலில் 161 பவுணும் ஒரு சிலிங்கும் விலையில், தவணை முறையில் வாங்கியது அது. 1963 டிசெம்பரில் இலண்டனில் நடந்த நத்தார் நிகழ்ச்சிகளின்போது காணாமற் போயிற்று. சில ஆண்டுகளின் பின் அமெரிக்காவில் ஒருவர் அதன் வரலாறு அறியாமலே 175 டொலருக்குப் பழைய கருவியாக வாங்கினார். நெடுங்காலம் சென்றபின், அதன் தொடரிலக்கத்தையும், பழைய நிழற்படங்களிற் காணும் மரத்தின் நரம்போட்டத்தையும் ஒப்புநோக்கி, அது லெனனுடையதே என உறுதிசெய்தனர். 2015 நவம்பரில் அது 24 இலட்சத்து 10 ஆயிரம் டொலருக்கு ஏலம் போயிற்று. கிற்றார் அதே கிற்றார்தான். 175 டொலரை இருபத்துநான்கு இலட்சமாக்கியது ஓர் இலக்கமும் ஒரு நிழற்படமும் ஆகும். அதாவது யாரோ எழுதிவைத்த குறிப்பும் யாரோ எடுத்துவைத்த படமும்.

நம்மவரிலும் அவ்வாறு எடுத்துவைத்தவர் இல்லாமலில்லை. செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா என்பவர், அறிஞர் கைகழுவிய நாடக நோட்டீசையும், பாட்டுப் புத்தகத்தையும், குசிலிப் பிரசுரத்தையும் வாழ்நாள் முழுவதும் சேர்த்தார். அவர் 1992இற் காலமானபின் அச்சேகரிப்பைச் சிக்காகோப் பல்கலைக்கழகம் பெற்றது. அதைக் கொண்டு 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தோன்றியது. இலங்கைத் தமிழ் ஆவணங்களுக்கு 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலகம் உண்டு. நூலும் சஞ்சிகையும் மட்டுமன்றி, சிறு பிரசுரமும் ஒலிப்பதிவும் அங்கே பேணப்படுகின்றன.

இன்று வெள்ளவத்தையிலோ புறக்கோட்டையிலோ மேனாட்டு இசைக் குழுவின் பெயர் பொறித்த பனியனும், சாவிக் கொத்தும், கிற்றார் வடிவப் பதக்கமும் வாங்குவது எளிது. வாங்குவோரை நான் குறைசொல்லமாட்டேன், விருப்பம் அவரவர்க்கு. பழைய பொருளைத் தேடுவோருக்கு மட்டும் சில வார்த்தை. பழைய கிற்றாரை வாங்குமுன் அதன் கழுத்து வளைந்துள்ளதா என்று ஒரு கண்ணை மூடி நீளவாக்கிற் பார்க்க வேண்டும். உட்புறத்துச் சீட்டிலும் தலைப்பகுதியிலும் உள்ள இலக்கத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். விற்பவர் அதை யாரிடம் எந்த ஆண்டில் வாங்கினார் என்று கேட்டு எழுதிவைக்க வேண்டும். பழைய இசைத்தட்டாயின் தட்டைக் காட்டிலும் அதன் உறையே விரைவில் அழிவது. உறையோடு கிடைத்தால் விடக்கூடாது. பாட்டுப் புத்தகமாயின் சுத்தமான படியைத் தேடாது, கிறுக்கல் உள்ள படியைத் தேடுக. கிறுக்கலை அழிப்பானால் அழித்து அழகுபடுத்திவிடாதீர்கள்.

கடற்கரையோர வீட்டில் இருந்த புத்தகத்தில் நடுவேயுள்ள கம்பித் தையல் நிச்சயம் துருப்பிடித்திருக்கும். அந்தத் துரு தாளைத் தின்றுவிடும். கம்பியின் நுனிகளை மெல்ல நிமிர்த்தி, இழுக்காமல் வெளியே எடுத்து, அதே துளைகளில் வெண்ணிறப் பருத்தி நூலைக் கோத்துத் தளர்வாகக் கட்டிவிடலாம். ஒட்டுத்தாள் மட்டும் ஒட்டாதீர்கள். சில ஆண்டுகளில் அது மஞ்சளித்து, ஒட்டிய இடத்திலுள்ள பென்சில் எழுத்தையும் கூடவே உரித்துக்கொண்டு வந்துவிடும்.